ரெண்டு சிசேரியனுக்கு அப்புறம் நார்மல்: கடலூர், பாண்டியில யாராவது முயற்சி பண்ணியிருக்கீங்களா?

அக்கா, தங்கச்சிங்களே, நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். வயசு 31, மூணாவது கர்ப்பம், 29 வாரம். முந்தின ரெண்டும் சிசேரியன். இந்தத் தடவை நார்மலுக்குப் பார்க்கலாமான்னு கேட்டாலே டாக்டருங்க பேச்சை முடிச்சிடறாங்க.

2018ல குழந்தை தலை திரும்பாம உட்கார்ந்த நிலையில இருந்ததால ஆபரேஷன். 2021ல வலி வர்ற வரைக்கும் விடாம தேதி குறிச்சு எடுத்துட்டாங்க. முதல் டிஸ்சார்ஜ் சம்மரியில கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதியில குறுக்கு வெட்டுன்னு தெளிவா இருக்கு. ரெண்டாவதுல மொட்டையா 'ரிப்பீட் சிசேரியன்', அவ்வளவுதான். ஆபரேஷன் நோட்ஸ் கேட்டு அந்த ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சாச்சு. பழைய ஃபைல் இல்லையாம். சுகர், பிரஷர் கிடையாது. ஸ்கேன்ல நஞ்சுக்கொடி மேல்பக்கம், தையல்கிட்ட இல்ல. தலை கீழே.

ரெண்டு தையலுக்கு அப்புறம் கர்ப்பப்பை கிழியற ஆபத்து நூத்துல ஒண்ணுக்குக் கொஞ்சம் மேலன்னு தெரியும். சின்ன விஷயமில்ல. ஆனா மூணாவது ஆபரேஷன்லயும் ரத்தப்போக்கு, குடல் ஒட்டுதல்னு ஆபத்து இருக்கே, அதை யாரும் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. வீட்டுப் பிரசவ யோசனை மட்டும் சொல்லாதீங்க (மாமியார் தரப்புல ஏற்கெனவே வந்தாச்சு). நடுராத்திரியிலும் தியேட்டர், மயக்க டாக்டர், ரத்தம் எல்லாம் தயாரா இருக்கிற இடம்தான் வேணும்.

ஜிப்மரோ வேற இடமோ, ரெண்டு சிசேரியனுக்கு அப்புறம் நார்மலுக்கு உங்களை எங்கே, என்ன நிபந்தனையில ஒத்துக்கிட்டாங்க?