புதுப்பிப்பு: அப்பாவின் பேட்ஜர் பிரஷ் முடி கொட்டுவது நின்றது

அப்பாவுக்கு வாங்கித் தந்த, பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த சவர பிரஷ் மூன்று மாதமாகியும் முடி கொட்டுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். புது பிரஷ் என்றால் முதல் சில தடவை உதிரும், பிறகு நிற்க வேண்டும்.

உதிர்ந்ததை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தேன். அடியோடு வந்தது ஒன்றுமில்லை, எல்லாம் பாதியில் முறிந்தவை. ஆக, முடியை அடியில் பிடித்திருக்கும் பசை விடவில்லை. அப்பாவுடையது பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய பலமான கை. கன்னத்தில் அழுத்தித் தேய்த்திருக்கிறார். கொதிநீரில் வேறு ஊறவைத்திருக்கிறார்!

இப்போது வெதுவெதுப்பான நீர், நுனியால் மட்டும் நுரை. அலசியபின் முறுக்காமல் துண்டில் ஒற்றி, ஜன்னலோரம் வைக்கிறோம். மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் ஈரக்காற்றில் மூடிய டப்பா என்றால் பூசணம்தான். இரண்டு வாரமாகக் கிண்ணத்தில் ஒரு முடிகூட இல்லை. அப்பா தினமும் எண்ணிச் சொல்கிறார்.