புளூ-ரே, ஹெச்டி டிவிடி: கடைகள் ஏன் ஒரு பக்கம் சேர்ந்தன?

பவானி மாணவன்:
வணக்கம். ஈரோட்டில் பி.காம். படிக்கிறேன். சில்லறை வணிகப் பாடத்துக்காக, டிவிடிக்கு அடுத்ததாக, இன்னும் தெளிவான படத்துக்காக வந்த இரண்டு டிஸ்க் வகைகளான புளூ-ரேவும் ஹெச்டி டிவிடியும் மோதிக்கொண்ட கதையைப் படித்து வருகிறேன். புளூ-ரே பக்கம் சோனியும் ஹெச்டி டிவிடி பக்கம் தோஷிபாவும் எதிரெதிரே நின்றது புரிகிறது, பொருள் அவர்களுடையது. விற்கிறவருக்கு என்ன வந்தது? இரண்டையும் அடுக்கி வைத்தால் இரண்டு தரப்பு வாடிக்கையாளரும் வருவார்களே. அமெரிக்காவில் படங்களை வாடகைக்கு விட்ட பிளாக்பஸ்டர், பெரிய சில்லறைக் கடைகளான டார்கெட், வால்மார்ட் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தது ஏன்? கடை நடத்திய அனுபவம் உள்ள பெரியவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர் சர்வீஸ்:
தொழில்நுட்பத்தை மட்டும் சொல்கிறேன். இரண்டிலும் 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர்தான். ஆனால் படம் பதிந்த அடுக்கு ஹெச்டி டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும், புளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டரில். ஓர் அடுக்கில் முன்னது 15 ஜிபி கொள்ளும், பின்னது 25. ஒன்றின் டிஸ்க் மற்றதன் பிளேயரில் ஓடாது. இரண்டையும் ஓட்டும் பிளேயரை 2007இல் எல்ஜி கொண்டுவந்தது. விலை ஆயிரம் டாலருக்கு மேல்.

கோபி கேசட் கடை:
தம்பி, கோபிச்செட்டிபாளையத்தில் கேசட் காலத்திலிருந்து டிவிடி காலம் வரை வாடகைக் கடை வைத்திருந்தவன் நான். இரண்டையும் அடுக்கலாமே என்கிறீர்கள். அடுக்குகிறவன் பணம் கட்ட வேண்டும். ஒரு படத்துக்கு விசிடியும் வாங்கி, டிவிடியும் வாங்கி வைத்தால் முதலீடு இரண்டு மடங்கு, வாடகைக்கு எடுக்கிறவர் அதே ஆள்தான். அலமாரியும் பாதியாகிவிடும். ஈரோட்டு மஞ்சளை விலை ஏறும்வரை குடோனில் போட்டு வைக்கலாம். புதுப் படம் வந்த வாரம் போனால் அந்த டிஸ்க்குக்கு மதிப்பில்லை.

அப்படியும் நாங்கள் இரண்டையும் வைத்திருந்தோம். காரணம், டிவிடி பிளேயரில் விசிடியும் ஓடும். பிளேயரை மாற்றியவர் வீட்டில் இருந்த விசிடி எதுவும் வீணாகவில்லை. பிறகு 2007 வாக்கில் மோசர் பேயர் என்ற இந்திய டிஸ்க் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது, ஆறு ரூபாய் வித்தியாசத்தில் ஊர் தானாகவே டிவிடிக்கு நகர்ந்தது. நாங்கள் பக்கம் சேர வேண்டிய தேவையே வரவில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. திருப்பூர்த் தம்பி சொன்னதுபோல ஒன்று மற்றதில் ஓடாது. எது நிற்கும் என்று தெரியாமல் சனங்கள் வாங்காமலே காத்திருந்தார்கள். வாங்காத பொருள் இரண்டு மடங்கு இடத்தை அடைத்தால் எந்தக் கடை தாங்கும்? பிளாக்பஸ்டர் முதலில் சுமார் 250 கடைகளில் இரண்டையும் வாடகைக்கு வைத்துப் பார்த்தது. எடுத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் புளூ-ரே எடுத்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் 2007 ஜூனில், இந்த வாடகையைப் புதிதாகத் தொடங்கும் கடைகளில் புளூ-ரே மட்டும் என்று அறிவித்தது. ஒரு வாடகைக் கடைக்காரனாக அந்த முறையை மதிக்கிறேன். விளம்பரத்தையோ கம்பெனி பேச்சையோ நம்பாமல் தன் பதிவேட்டைப் பார்த்து முடிவெடுத்தார்கள். டார்கெட் அந்த ஜூலையில், கேம் கருவியோடு சேராத தனி பிளேயர்களில் புளூ-ரே மட்டும் என்றது, ஆனால் இரண்டு வகை டிஸ்க்கையும் தொடர்ந்து விற்றது. அதையும் பக்கம் சேர்ந்ததாக எழுதுகிறார்கள்; எனக்கு அது அரைக் கால் வைத்ததாகவே தெரிகிறது.

பொள்ளாச்சி வாசகர்:
அண்ணா சொல்வதில் ஒன்றை மறுக்கிறேன். முடிவெடுத்தது கடைகள் அல்ல, படக் கம்பெனிகள். பாரமவுண்ட் 2007 ஆகஸ்டில் ஹெச்டி டிவிடிக்குப் போனது. 2008 ஜனவரி 4 அன்று வார்னர், புளூ-ரே மட்டும் என்று சொன்னது. அதன் பிறகே பிப்ரவரி 11 அன்று, அப்போது தபாலில் டிஸ்க் வாடகைக்கு விட்ட நெட்ஃபிளிக்ஸும் மின்னணுப் பொருள் கடையான பெஸ்ட் பையும், 15ஆம் தேதி வால்மார்ட்டும் புளூ-ரே பக்கம் பேசின. 19ஆம் தேதி தோஷிபா ஹெச்டி டிவிடியைக் கைவிட்டது. சாய்ந்த மரத்தைத்தான் கடைகள் தள்ளின.

கோபி கேசட் கடை:
பொள்ளாச்சியாரே, தேதி வரிசை சரி. படம் இல்லாமல் டிஸ்க் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வார்னர் சொன்ன பிறகும் தோஷிபா பிளேயர் விலையைக் குறைத்துக்கொண்டு ஆறு வாரம் நின்றது. வால்மார்ட் அறிவித்து நான்கே நாளில் விட்டுவிட்டது. விற்க இடம் இல்லாமல் எவ்வளவு மலிவாகக் கொடுத்து என்ன?

என் மனதை உறுத்துவது வேறொன்று. 2007 நவம்பர் தொடக்கத்தில் வால்மார்ட் தோஷிபாவின் ஹெச்டி டிவிடி பிளேயரை நூறு டாலருக்கும் குறைவாக விற்றது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பிள்ளைகளுக்காக வாங்கிப்போன குடும்பங்கள் எத்தனையோ. மூன்றரை மாதத்தில் அதே கடை, ஜூனுக்குள் அந்த வகையை எடுத்துவிடுவோம் என்றது.

கேசட் காலத்திலும் இப்படி இரண்டு வகை உண்டு. எங்கள் ஊரில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது பீட்டாமேக்ஸ் வகை டெக் கொண்டுவந்தார். என்னிடம் இருந்தது முழுக்க வி.ஹெச்.எஸ். கேசட். பீட்டா கேசட் அளவில் சிறியது; என் கேசட் அவர் டெக்குக்குள் நுழையாது. மாரியம்மன் நோம்பிக்குப் படம் போட வேண்டும் என்று ஆசையாக வந்தவரைத் திருப்பி அனுப்பியது இன்றும் வருத்தம்தான். ஆனால் அவருக்கு அந்த டெக்கை விற்றது நான் அல்ல. நானே விற்றிருந்தால் அவர் முகத்தில் விழிக்க முடியாது.

பவானி மாணவன்:
நன்றி ஐயா. அப்படியானால் கடை ஒரு பக்கம் சேரலாமா, கூடாதா?

கோபி கேசட் கடை:
சேரலாம் தம்பி, சேர்ந்துதான் ஆக வேண்டும். சேர்ந்ததை வாங்க வருகிறவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். மீதிச் சரக்கைத் தள்ளிவிட்டுப் பிறகு அறிவிப்பது வியாபாரமே அல்ல. பெஸ்ட் பை 2008 மார்ச்சில், தன்னிடம் ஹெச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை தருவதாக அறிவித்தது. கட்டுரையில் தேதிகளோடு அதையும் எழுதுங்கள். பாடப் புத்தகத்தில் யார் வென்றார்கள் என்று மட்டும்தான் இருக்கும்.