கிராண்ட் கேன்யன் வழியில் ஐம்பதுகளின் பாணி டைனர்: பெற்றோருடன் போகலாமா?

கேட்டவர்: வழிப்போக்கன்

வரும் ஏப்ரலில் லாஸ் வேகஸிலிருந்து கிராண்ட் கேன்யனின் தென்விளிம்புக்குக் காரில் செல்கிறோம். நான், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், மதுரையிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோர் என மொத்தம் ஆறு பேர். அமெரிக்காவின் குறுக்கே ஓடிய பழைய ரூட் 66 சாலையோரத்தில், குரோமியப் பளபளப்பும் காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸும் கட்டம் போட்ட தரையுமாக இருக்கும் ‘டைனர்’ எனப்படும் பர்கர் உணவகம் ஒன்றில் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருக்கிறார்கள். அப்பா மாட்டிறைச்சியைத் தொடமாட்டார், ஆனால் கோழி சாப்பிடுவார். அம்மா முட்டைகூடச் சேர்க்காத சைவம். பிள்ளைகளின் ஆசைக்காகப் பெரியவர்களைப் பட்டினி போடாமல் எந்த ஊரில் நிறுத்தலாம், என்ன கேட்டு வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பாலைப்பறவை

வேகஸிலிருந்து ஏறத்தாழ 105 மைல் தொலைவில் உள்ள கிங்மனில் மதிய உணவை வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மிஸ்டர் டீஸ் டைனர், வெளிர்நீலமும் இளஞ்சிவப்புமாகப் பிள்ளைகள் கற்பனை செய்திருக்கும் அதே தோற்றத்தில் இருக்கும். பெரியவர்கள் உள்ளே வசதியாக உட்காரவும் முடியும்.

அங்கிருந்து நெடுஞ்சாலையைப் பிடிக்காமல், பீச் ஸ்பிரிங்ஸ் வழியாகச் செல்லும் பழைய சாலையிலேயே செலிக்மன் வரை செல்லுங்கள். சுமார் 87 மைல், சற்றுச் சுற்றுதான். செலிக்மனில் உள்ள ஸ்னோ கேப் என்ற கடையை ஹுவான் டெல்காடில்லோ என்பவர் 1953இல், ரயில்வே கழித்துப்போட்ட மரப்பலகைகளைக் கொண்டு கட்டினார். கடுகுச் சாறு வேண்டுமா என்று கேட்டு உங்கள் மேல் பீய்ச்சுவார்கள். பாய்ந்து வருவது வெறும் மஞ்சள் நூல்தான். 1978 செப்டம்பர் 22 அன்று இன்டர்ஸ்டேட் 40 என்னும் புதிய நெடுஞ்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுத் திறக்கப்பட்டபோது, கார்கள் வருவது ஒரே நாளில் நின்றுபோன ஊர் இது. ஹுவானின் தம்பியும் முடிதிருத்துநருமான ஏஞ்சல், 1987இல் ஊராரைத் திரட்டிச் சங்கம் அமைத்து, அதே ஆண்டில் இச்சாலைக்கு வரலாற்றுச் சிறப்புத் தகுதியை மாநில அரசிடமிருந்து பெற்றுத் தந்தார். ஸ்னோ கேப்பில் ஜன்னலில் வாங்கி வெளியே அமர்ந்து உண்ண வேண்டியிருப்பதால், அங்கே ஐஸ்கிரீமோடு நிறுத்திக்கொள்வது பெற்றோருக்கு நல்லது.

அடுப்பங்கரை

அம்மாவைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். காய்கறி பர்கர் என்று எழுதியிருந்தாலும், அதன் வில்லையில் முட்டை வெள்ளைக்கரு கலந்திருக்கலாம். கலக்காவிட்டாலும் மாட்டிறைச்சி வெந்த அதே தகட்டில்தான் பெரும்பாலும் அதையும் சுடுவார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் போய், தனி வாணலியில் செய்து தர முடியுமா என்று பணியாளரிடம் கேட்டால், பல இடங்களில் மறுக்க மாட்டார்கள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட கிரில்டு சீஸ் ரொட்டிக்கும் இதையே சொல்லிவிட்டால் அதுவே பாதுகாப்பான தேர்வு. உருளைக்கிழங்கு வறுவலைக் கோழித் துண்டுகள் பொரித்த எண்ணெயிலேயே போடுகிறார்களா என்று விசாரியுங்கள். சில்லி ஃப்ரைஸ் வேண்டாம், அதன் மேல் ஊற்றப்படுவது பெரும்பாலும் மாட்டிறைச்சிக் குழம்பு. ஆப்பிள் பை கேட்பதற்கு முன்னும் நிதானியுங்கள், மேலோட்டில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் வழக்கம் இன்னும் உண்டு. மில்க்‌ஷேக் குடிக்கலாம், ஆனால் ஐஸ்கிரீம் போன்ற ஃப்ரோஸன் கஸ்டர்டில் முட்டை மஞ்சள்கரு கட்டாயம் இருக்கும்.

அப்பாவுக்குக் கோழி சாண்ட்விச் எங்கும் கிடைக்கும். ரூட் பியர் என்னும் இனிப்புச் சோடாவில் மது இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தசைவலித் தைலத்தைக் கரைத்துக் கொடுத்ததுபோல் இருக்கிறது என்று அவர் முகம் சுளித்தால் வியப்பதற்கில்லை. பிள்ளைகள் அதில் ஐஸ்கிரீமை மிதக்கவிட்டுக் குடித்துவிடுவார்கள்.

பழையபஞ்சாங்கம்

எல்லாரும் ஏக்கத்தோடு பேசும் இந்த ஐம்பதுகளின் அலங்காரத்தில் பெரும்பகுதி பின்னாளில் சேர்க்கப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம். டைனரின் தொடக்கம், 1872இல் பிராவிடென்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் இரவு உணவு விற்ற குதிரை வண்டி. பிறகு நியூஜெர்சித் தொழிற்சாலைகளில் ரயில் பெட்டி வடிவில் செய்து, முழுதாக ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஜூக்பாக்ஸ் பாணிச் சங்கிலிக் கடையான ஜானி ராக்கெட்ஸ் 1986இல்தான் தொடங்கியது. உண்மையான ஐம்பதுகளிலோ, எந்தக் கடையில் தங்களை உட்கார விடுவார்கள் என்று அறிய, கறுப்பினப் பயணிகள் 1936 முதல் வெளிவந்த கிரீன் புக் என்னும் வழிகாட்டியைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு காட்சி அமைப்பு என்று தெரிந்தே போங்கள்.

வழிப்போக்கன்

அனைவருக்கும் நன்றி. கிங்மனில் சாப்பாடு, செலிக்மனில் ஐஸ்கிரீம் என்று முடிவு செய்துவிட்டோம். மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறும் இடத்தில் டிப் எவ்வளவு வைப்பது முறை?

அடுப்பங்கரை

வரிக்கு முந்தைய தொகையில் 15 முதல் 20 சதவீதம் வரை வைப்பது வழக்கம். நீங்கள் ஆறு பேர் என்பதால், சில உணவகங்கள் டிப்பைப் பில்லிலேயே சேர்த்துவிடும். அப்படிச் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் வையுங்கள். இல்லையென்றால் இரண்டு முறை கொடுத்துவிடுவீர்கள்.