‘பிளிட்ஸ்க்ரீக்’: உங்கள் காதில் எங்கே விழுந்தது?

எனக்கு ஒரு செஸ் போட்டி மண்டபத்தில். மகன் ‘பிளிட்ஸ்’ பிரிவில் ஆடினான். ஆளுக்கு 3 நிமிடம், நகர்த்தலுக்கு 2 வினாடி கூடுதல். கடைசி நிமிடத்தில் பிள்ளைகள் கடிகாரத்தை அடிக்கிற அடி இருக்கிறதே! பக்கத்தில் இருந்த பெரியவர், “ஜெர்மன்ல பிளிட்ஸ்னா மின்னல், க்ரீக்னா போர். எதிரி சுதாரிக்கிறதுக்குள்ள புகுந்து அடிக்கிறது. 1939ல ஜெர்மன் படை போலந்துக்குள்ள புகுந்தப்ப வெளிநாட்டுப் பத்திரிகையெல்லாம் இந்த வார்த்தையைத்தான் எழுதுச்சு தம்பி” என்றார்.

*

அந்த மின்னல் போர் நடந்த செடானுக்கே நான் போயிருக்கிறேன். பெல்ஜிய எல்லையை ஒட்டிய பிரெஞ்சு ஊர். மியூஸ் ஆறு அங்கே அப்படியொன்றும் அகலமில்லை. 1940 மே 13 அன்று ஜெர்மன் தளபதி குடேரியனின் படை இங்கேதான் ஆற்றைக் கடந்தது. மின்னல் போர் என்றதும் டாங்கி சீறிப் பாய்வதுதானே கண்ணுக்குள் வரும்? முதலில் கடந்தவர்கள் காலாட்களும் பொறியாளர் படையும்; அதுவும் ரப்பர் படகில். மணிக்கணக்காகக் குண்டு போட்ட விமானங்கள் பிரெஞ்சுப் பீரங்கிக்காரர்களைத் தலைதூக்க விடவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக மிதவைப் பாலம் போட்ட பிறகுதான் டாங்கிகள் வந்தன. மே 20க்குள் அபவீல் என்ற பிரெஞ்சு ஊர் வழியாகக் கடற்கரையைத் தொட்டுவிட்டார்கள்.

பிரெஞ்சு டாங்கி ஒன்றும் சோடை இல்லை. அவர்களுடைய ‘ஷார் பி1’ ரக டாங்கியின் கவசத்தைத் துளைக்க ஜெர்மன் டாங்கிகள் திணறின. ஆனால் ஜெர்மன்காரர்கள் வானொலியில் பேசிக்கொண்டே ஓட்டினார்கள். வான்சென் கோட்டையில் இருந்த பிரெஞ்சுத் தளபதி காமெலானின் தலைமையகத்திலோ வானொலியே கிடையாது! என்னைக் கேட்டால், தோல்வியில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

*

போட்டித் தேர்வுக்கு வகுப்பெடுக்கிறேன். ‘பிளிட்ஸ்க்ரீக் ஹிட்லரின் போர்க் கொள்கை’ என்று மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். ஜெர்மன் ராணுவம் அதை அதிகாரபூர்வக் கொள்கையாக வைத்திருக்கவே இல்லை. ஹிட்லரே 1941 நவம்பரில் அதை மடத்தனமான வார்த்தை என்று மேடையில் திட்டினார். (அப்போது ரஷ்யாவில் வண்டி நகரவில்லை, எரிச்சல் இருக்காதா?) அப்புறம் இன்னொன்று: அந்த ஆண்டு ரஷ்யாவுக்குள் போன படையோடு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் போயின. இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “அத்தனைக்கும் தீனி எப்படி சார் போச்சு?” என்றான். அங்கேதான் சிக்கல். சோவியத் தண்டவாளத்தின் அகலமே வேறு. மாற்றிப் போட்டுத்தான் ரயில் விட முடிந்தது. டாங்கி முன்னால் ஓட, தீனியும் எரிபொருளும் நூற்றுக்கணக்கான மைல் பின்னால் கிடந்தன.