ரோஜாக் கடைப் பெயரை உறவினர் வர்த்தக முத்திரையாகப் பதியப் போகிறார், உதவி தேவை

சிங்கப்பூரில் எங்கள் குடும்பத்துக்கு ரோஜாக் (rojak, வடைகளைக் குழம்போடு தரும் உணவு) கடை. கடையநல்லூரிலிருந்து வந்த தாத்தா தள்ளுவண்டியில் தொடங்கினார். 1970-களில் தெரு வியாபாரிகளை உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றியபோது கடை கிடைத்தது. அவருக்குப் பின் அத்தா, இப்போது நான்.

பெரியத்தா மகன் 2021-இல் வேறொரு நிலையத்தில் அதே பெயரில் கடை போட்டார். பலகையில் ‘ஒரிஜினல்’ என்றும் சேர்த்துக்கொண்டார். சரி, சொந்தம்தானே என்று அத்தா விட்டுவிட்டார். இப்போது அண்ணன் அந்தப் பெயரை வர்த்தக முத்திரையாகப் பதிய விண்ணப்பித்து, போன வாரம் அது வெளியாகிவிட்டது. எதிர்ப்புத் தெரிவிக்க வெளியான நாளிலிருந்து 2 மாதம்தான்.

பெரியவர்களை வைத்துப் பேசியாயிற்று, அவர் இறங்கி வரவில்லை. கடை உரிமம் கையில் இருப்பதால் பெயர் நமதாகிவிடாது என்று தெரிந்துகொண்டோம். பதியாத பெயருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அந்தப் பெயரால் வாடிக்கையாளர்கள் தேடி வருவது உங்கள் கடையைத்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்றார் வழக்கறிஞர்.

கையில் இருப்பது தாத்தாவின் பழைய உரிமம். அதில் கடைப் பெயர் இல்லை. அப்புறம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்: கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய வடைகள், பின்னால் பலகை. பெயரின் முதல் பாதிதான் தெரிகிறது, மீதியைத் தாத்தாவின் தோள் மறைக்கிறது. சர்க்கரைவள்ளிக் குழம்பு இரண்டு கடையிலும் ஒரே கைப்பக்குவம், ருசியை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இப்படி எதிர்ப்பு மனு போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: பெயரைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறோம் என்பதற்கு எந்தச் சான்று எடுபட்டது?