ஏற்றத்தில் டெம்பரேச்சர் மீட்டரின் முள் திடீரென்று கீழே விழுந்தால் எதை நம்புவது?

கேள்வி – தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1993ஆம் ஆண்டு மாடல், 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் பொருத்திய பழைய பக்கி (பின்னால் திறந்த தொட்டியுள்ள சிறிய சரக்கு வண்டி) ஒன்று இருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி. கிளேர்வுட் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் பைன்டவுன் வழியாக க்ளூஃப் வரை போகிறேன். சமதளத்தில் டெம்பரேச்சர் மீட்டரின் முள் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கும். வழியில் வரும் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் முக்கால் வரை ஏறி, மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்கிவிடும். இரவில் ஹெட்லைட் போட்டவுடன், வண்டி நின்றுகொண்டிருந்தாலும், அதே முள் கொஞ்சம் உயர்கிறது.

போன வாரம் ஏற்றத்தின் நடுவில் முக்காலைத் தாண்டிப் போன முள் சட்டென்று அடிமட்டத்துக்கு விழுந்துவிட்டது. பட்டறையில் கேட்டால், மீட்டர் கெட்டுவிட்டது, அதைப் பார்க்காமல் ஓட்டுங்கள் என்கிறார்கள். தைப்பூசத்துக்குக் கோயில் சாமான்களை ஏற்றிச் செல்ல ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஓட்டலாமா?

பதில் 1 – டோங்காட், ஓய்வுபெற்ற மெக்கானிக்

தம்பி, ஓட்ட வேண்டாம். ஏறிக்கொண்டிருந்த முள் பாரத்தோடு போகும்போது திடீரென்று விழுவதைவிட, அது சிவப்பில் போய் நிற்பதே மேல் என்று சொல்வேன்; அப்போது வண்டியை ஓரங்கட்டவேண்டும் என்றாவது நமக்குத் தெரியும்.

மீட்டரின் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான வெப்பத்தைக் காட்டும். தண்ணீர் குறைந்து, சென்சார் இருக்கும் இடத்தில் நீராவியும் காற்றும் சேர்ந்துவிட்டால், என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் குளிர்ச்சி என்றே காட்டக்கூடும். பலர் அதைப் பார்த்து நிம்மதியடைந்து, இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, ஹெட் காஸ்கெட்டை (என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகட்டை) எரித்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். மீட்டரைக் குறை சொல்வதற்கு முன் ரேடியேட்டரைத் திறந்து பார்க்காத பட்டறையை என்னவென்று சொல்வது!

காலையில் என்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திற. தண்ணீர் கழுத்துவரை நிற்கவேண்டும். ரிசர்வ் பாட்டிலில் தண்ணீர் இருக்கிறது என்பதை வைத்து ரேடியேட்டரும் நிரம்பியிருக்கிறது என்று நம்பாதே. மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் பாட்டிலிலிருந்து தண்ணீர் திரும்ப இழுக்கப்படாது.

பதில் 2 – ஃபீனிக்ஸ், ஆட்டோ எலக்ட்ரீஷியன்

ஐயா சொன்னதே முதல் வேலை. ஹெட்லைட் போட்டால் முள் உயர்வது வேறு விஷயம். அதற்கும் வெப்பத்துக்கும் சம்பந்தமில்லை. அந்த நேரத்தில் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து உயர்கிறதா என்று பாருங்கள். உயர்ந்தால், டாஷ்போர்டு மீட்டர்களின் எர்த் இணைப்பு (மின்சாரம் வண்டியின் உடல் வழியாகத் திரும்பும் இடம்) துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். விளக்குகளின் மின்சாரமும் அந்த மோசமான இணைப்பு வழியாகவே திரும்ப வேண்டியிருப்பதால் இரண்டு முட்களும் பொய் சொல்கின்றன.

சென்சார் சூடாக ஆக அதன் மின்தடை குறையும். மின்தடை குறையக் குறைய முள் ஏறும். ஆகவே சென்சாரின் வயரைக் கழற்றினால் முள் அடியில் நிற்கவேண்டும். அதே வயரை ஒரு சிறிய பல்பு வழியாக எர்த்தில் தொட்டால் மேலே போகவேண்டும். அப்படிப் போனால் மீட்டரும் வயரும் நன்றாகவே இருக்கின்றன. புதிய சென்சார் மாட்டும்போது மரையில் டேப்பைத் தாராளமாகச் சுற்றாதீர்கள், எர்த் கிடைக்காமல் முள் குறைவாகக் காட்டும்.

பதில் 3 – லெனேசியா

மூடியைப் பற்றி ஒரு சேர்க்கை. டர்பனில் வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானபின் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறப்பதே 82 அல்லது 88 டிகிரியில் என்றால் மிச்சம் எவ்வளவு என்று எண்ணிப்பாருங்கள். 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி கடலோரத்தில் கொதிநிலையைச் சுமார் 120 டிகிரிக்குக் கொண்டுபோகும். மூடி மலிவான பொருள்தான், ஆனால் யாரும் மாற்றுவதில்லை.

கேள்வி கேட்டவர் – நான்கு நாள் கழித்து

அனைவருக்கும் நன்றி. ரேடியேட்டரில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குறைவாக இருந்தது. வாட்டர் பம்பின் அடியில் காய்ந்த பச்சைக் கறை தெரிந்தது. மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. ஹெட்லைட் போட்டபோது பெட்ரோல் முள்ளும் உயர்ந்தது. எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தபின் இரண்டும் அசையவில்லை. பம்பும் மூடியும் மாற்றி, கூலண்ட் நிரப்பியாயிற்று. இப்போது ஒருவர் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டால் இன்னும் குளிர்ச்சியாக ஓடும் என்கிறார். செய்யலாமா?

டோங்காட் மெக்கானிக்

வேண்டாம், தம்பி. என்ஜின் தேவையான சூட்டை எட்டாமல் பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயிலிலும் கசடு சேரும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பைபாஸ் (ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் குறுக்கு) வழி அடைபடாமல், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவரும். ஏற்றத்தில் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடேற்றிப் பார். அதில் பொறித்திருக்கும் டிகிரிக்கு அருகில் திறந்தால் அப்படியே திரும்ப மாட்டு. புதுக் கூலண்ட் ஊற்றியபின் காற்றுக்குமிழ் தங்கியிருக்கலாம். ஆகையால் முதல் இரண்டு நாள் காலையில் மட்டத்தைப் பார்த்து நிரப்பிவிட்டு, பாரம் இல்லாமல் ஒருமுறை ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி வந்த பிறகு கோயில் சாமானை ஏற்று.