செவர்லே டேஷ்போர்டு கடிகாரம்: பழைய மெஷினா, குவார்ட்ஸா?

மன்னார்குடிக்காரர்:
எங்கள் பெரியப்பாவின் 1954 செவர்லேயில் டேஷ்போர்டு கடிகாரம் வெகுகாலமாக நின்றே கிடந்தது. முகூர்த்தத்துக்குப் போகிற வண்டியில் ஓடாத கடிகாரம் ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லத் தொடங்கியதால், கும்பகோணத்தில் ஒரு கடையில் பழுது பார்க்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது முகப்பும் முள்களும் அப்படியே இருந்தன. உள்ளே மட்டும் குவார்ட்ஸ் மெஷின். பழையது எங்கே என்று கேட்டதற்கு, கடைக்காரர் மேசைக்கு அடியில் இருந்த தகர டப்பாவைக் காட்டினார். பித்தளைச் சக்கரங்களும் கருகிய காயிலும் (மின்கம்பிச் சுருள்) வேறு கடிகாரங்களின் துண்டுதுணுக்குகளோடு கலந்து கிடந்தன. நேரம் இப்போது பிசகுவதில்லை. ஆனால் பெரியப்பா காதை அருகில் வைத்துக் கேட்டுவிட்டு, "இது நம்ம வண்டிக் கடிகாரம் இல்லடா" என்றார்; அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நாகப்பட்டினத்துக்காரர்:
கேட்காமல் மாற்றியது தவறுதான் என்றாலும், காயில் கருகியதற்குக் கடைக்காரர் பொறுப்பாக மாட்டார். 1954 செவர்லே 6 வோல்ட் வண்டி. 1955 மாடலில்தான் 12 வோல்ட் வந்தது. இடையில் யாரேனும் 12 வோல்ட் பேட்டரி வைத்து, கடிகாரத்துக்கு மட்டும் மின்னழுத்தத்தைக் குறைக்காமல் விட்டிருக்கலாம்.

என் வண்டிக் கடிகாரத்தில் கெட்டது பாயின்ட் மட்டுமே; அதாவது, சேர்ந்தால் மின்சாரம் பாயும் தொடுமுனை. கறுத்துக் குழி விழுந்திருந்தது. அதைத் தேய்த்துப் பொருத்திய பின், ரயில்வே கேட்டில் என்ஜினை அணைத்துவிட்டு நின்றபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. டேஷ்போர்டுக்குள் எலி புகுந்துவிட்டதென்று என் மனைவி காலைத் தூக்கிக்கொண்டார்.

அந்தச் சத்தம்தான் இந்தக் கடிகாரத்தின் உயிர். சில நிமிடங்களுக்கு ஒரு முறை சுருள்வில் தளர்ந்ததும் பாயின்ட்கள் சேர, காயில் ஒரே உதையில் வில்லை மீண்டும் முறுக்கி, பாயின்ட்களைப் பிரித்துவிடுகிறது. பேட்டரி இறங்கியிருந்தால் உதைக்க வலுவிருக்காது; பாயின்ட்கள் ஒட்டியபடியே மின்சாரம் தொடர்ந்து ஓடி, காயில் கருகும். ஆகவே சம்பா அறுவடை முடியும்வரை வண்டியைக் கொட்டகையில் நிறுத்துகிறவர்கள் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். கடிகாரத்துக்கென்று தனியாகச் சிறிய ஃபியூஸும் போட வேண்டும். பாயின்ட்டில் எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய் சக்கரங்களின் அச்சுக்கு மட்டும், அதுவும் ஊசிமுனை அளவு.

தஞ்சாவூர்க்காரர்:
இருவரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது முகப்பு. இங்கே ஒரு பட்டறையில், பழைய வண்டிக் கடிகாரத்தின் மங்கிய எண்களை ஒரு பையன் பிளேடால் சுரண்டி, அந்தத் தூளை வாயால் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தான். அக்காலத்து ஒளிரும் பூச்சில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருக்கக்கூடும் என்று நான் சொன்னபோது, "இதுதான் இருட்டுல மின்னவே இல்லையே சார்" என்று சிரித்தான். மின்னாமல் போவது அதனோடு கலந்த துத்தநாக சல்பைடு சிதைந்துவிடுவதால்தான். ரேடியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1600 ஆண்டுகள் ஆகும். இத்தகைய முகப்பைச் சுரண்டாமலும் கழுவாமலும் கண்ணாடிக்குள்ளேயே விட்டுவிடுவது நல்லது.

மன்னார்குடிக்காரர்:
நாகப்பட்டினத்து அண்ணன் சொன்னது சரி, வண்டியில் இருப்பது 12 வோல்ட் பேட்டரிதான். தகர டப்பாவைத் தேடி மறுபடி போனபோது, எல்லாவற்றையும் பழைய பித்தளை விலைக்குப் போட்டுவிட்டதாகக் கடைக்காரர் கூறிவிட்டார். இதே மாடலின் ஓடாத கடிகாரம் யாரிடமாவது இருந்தால், மெஷினுக்காக வாங்கிக்கொள்கிறேன். முகப்பு உடைந்திருந்தாலும் பரவாயில்லை.